புதுப்பிப்பு: கண்ணாடித் தகட்டில் துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகள் நேராக வளர்ந்துவிட்டன

துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகளை (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகத் தண்டுகள்) கண்ணாடித் தகட்டில் நேராக வளர்ப்பது எப்படி என்று வேலூர் ஆய்வகத்திலிருந்து நான் கேட்டிருந்த கேள்விக்குப் பொறுமையாக விடையளித்த அனைவருக்கும் நன்றி. தண்டுகள் நாலா பக்கமும் சாய்ந்து வளர்வதும், அவற்றின் மேல் வெண்பொடி படிவதும்தான் சிக்கலாக இருந்தன.

சாய்வைத் தீர்த்தது காட்பாடி நண்பர் சொன்ன விதைப் படலம், அதாவது தண்டுகள் முளைப்பதற்காகத் தகட்டில் முதலில் பூசும் மெல்லிய அடுக்கு. எத்தனாலில் கரைத்த துத்தநாக அசிடேட்டைத் தகட்டில் சொட்டி, சில நொடிகளில் எத்தனாலால் அலசி உலர்த்தி, இதையே சில முறை திரும்பச் செய்தபின் 350 டிகிரி செல்சியசில் சூடேற்றினேன். பிறகு துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமைனும் தலா 25 மில்லிமோலார் செறிவில் உள்ள நீர்க்கரைசலில் 90 டிகிரியில் வளர்த்தபோது, எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) வரைபடத்தில் 34.4 டிகிரியருகே வரும், தண்டின் நீள அச்சுக்குரிய 002 முகடு மற்றவற்றை அமுக்கிவிட்டு ஓங்கி நின்றது. தண்டுகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்பதற்கு அதுவே அடையாளம்.

வெண்பொடிக்கு, பூசிய முகம் கீழே பார்க்கும்படி தகட்டைக் குப்புறத் தொங்கவிடச் சொன்ன ராணிப்பேட்டை ஐயாவின் வழி பலித்தது. கரைசலில் தானாக உருவாகும் துகள்கள் இப்போது பின்புறத்தில்தான் படிகின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சிலர் கரைசலில் சேர்க்கும் பாலியெத்திலீன் இமைன் என்ற பாலிமர் எனக்குத் தேவைப்படவில்லை. பக்கவாட்டு வளர்ச்சியை அது அடக்குவதால், மெல்லிய நீண்ட தண்டு வேண்டுவோர் முயலலாம்.

எதிர்பாராத ஒன்று: நேரத்தைக் கூட்டியும் ஒரு கட்டத்துக்குமேல் நீளம் கூடவில்லை. கரைசலில் துத்தநாகம் தீர்ந்திருந்தது; புதுக் கரைசல் மாற்றியதும் வளர்ச்சி தொடர்ந்தது. ஹெக்சமைன் சிதைந்து அம்மோனியாவும் ஃபார்மால்டிஹைடும் வெளிவருவதால், கலத்தை நன்கு ஆறவிட்டு நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் மட்டுமே திறக்கவும்.