பெடல் போட்டா ஆம்ப்ல ஒரே இரைச்சல், நாளைக்கு நோம்பிக் கச்சேரி, அவசரம்ங்க

பல்லடத்துப் பையன், இரவு 8:52
வணக்கம்ங்க. கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல சத்தத்தை மாத்தற பெடல் போட்டா ஆம்ப் ஒரே இரைச்சலா வருதுங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. நாளைக்குப் பொழுதோட எங்கூரு மாரியம்மன் நோம்பில கச்சேரி. கேபிள் மாத்திப் பார்த்துட்டேன், போகலை. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

காங்கேயம் சோல்டர், 8:58
என்ன ஆம்ப்? எத்தனை பெடல்? அடாப்டரா, பேட்டரியா? கிதாரை நேரா ஆம்ப்ல சொருகினா இரைச்சல் இருக்குதா? இது நாலும் தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

சோமனூர் தறிக்காரர், 9:03
தம்பி, எர்த்துதான், வேற ஒண்ணும் இல்லை. எங்க வீட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். மோட்டார் ஓடறப்ப எல்லாம் எனக்கும் இதே கதைதான். வெயில்ல எர்த் குழி காஞ்சு கெடந்துச்சு. கரியும் உப்பும் புதுசா போட்டு, குழாய்ல நாலு கொடம் தண்ணி ஊத்துனேன். நின்னுபோச்சு. மொதல்ல அதைப் பண்ணுங்க.

கோவை வால்வு, 9:10
ஃபில்டர் கெப்பாசிட்டர், அதான் ஆம்ப்புக்குள்ள கரண்டைச் சீராக்கற பாகம். பழைய ஆம்ப்னா எலக்ட்ரோலிட்டிக் உள்ளுக்குள்ள காஞ்சிருக்கும். மாத்திட்டா புது ஆம்ப் மாதிரி ஆயிரும். ஆனா வால்வு ஆம்ப்னா நீங்களா தொறக்காதீங்க. பிளக்கைப் புடுங்கி வெச்சாலும் உள்ள 400 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கும்.

ஊத்துக்குளி ஓம்ஸ், 9:24
இதே கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிக்கற பழக்கமே இல்லை. "இரைச்சல்"னு ஒத்த வார்த்தையை எழுதினா யாருக்கு என்ன புரியும்? ஆறாவது கம்பில மூணாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்க. அது ஜி, 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதோட ஒட்டி நின்னா அது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியா மாத்தற டயோடு தாண்டி வர்ற டிசி சுத்தமா வரலைன்னு அர்த்தம், வால்வுக்காரர் சொல்ற கெப்பாசிட்டரைப் பார்க்கலாம். அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ இருந்தா 50 ஹெர்ட்ஸ், லைன் கரண்டு நேரா உள்ள வருது. எர்த், ஷீல்டு (கேபிளுக்குள்ள நடுக்கம்பியைச் சுத்தி இருக்கற வலை), லூப் (எர்த் ரெண்டு வழியில போய் வளையமா சேர்றது) இந்த மூணுல ஒண்ணு. ரெண்டும் இல்லாம மேல கீச்சுன்னு கேட்டா டிஜிட்டல் பெடல். இது அடிப்படை. இது தெரியாம மேடை ஏறக்கூடாது.

பல்லடத்துப் பையன், 9:41
மன்னிச்சுக்குங்க, ரிகர்சல்ல இருந்தேன். ஆம்ப் 20 வாட் டிரான்சிஸ்டர். பெடல் மூணு: சத்தத்தைக் கரகரப்பாக்கற ஓவர்டிரைவ், கோரஸ், அப்புறம் எதிரொலி கொடுக்கற ஒரு டிலே. டிலே புதுசு, இன்னிக்கு வெடியாலதான் சேர்த்தேன். மூணும் ஒரே அடாப்டர், வால் வாலா பிரியற வயர்ல. நேரா சொருகினா சுத்தமா இருக்குது. சத்தம் ரெண்டு இருக்குதுங்க. மேல கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி ஒண்ணு. அதுக்கடியில ம்ம்ம்னு தூரத்துல தறி ஓடற மாதிரி ஒண்ணு. மூணாவது ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தேன், அந்த ம்ம்ம் அதுக்கும் கீழதான் இருக்குது.

காங்கேயம் சோல்டர், 9:50
புது டிலே சேர்த்ததை மொதல்லயே சொல்லியிருக்கலாம் தம்பி. கொசு அதுதான். டிலேக்குள்ள ஒரு கிளாக், விடாம துடிக்கற சர்க்யூட், ஓடிட்டே இருக்கும். மூணு பெடலும் ஒரே மைனஸ் வயரைப் பங்கு போடறதால அந்த கிளாக் சத்தம் ஓவர்டிரைவுக்குள்ள பூந்துருது, ஓவர்டிரைவ் அதைப் பெருக்கிக் காட்டுது. டிலேயை மட்டும் அந்த அடாப்டர் வயர்ல இருந்து கழட்டி, 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்க. கொசு போச்சுன்னா முடிஞ்சுது.
ம்ம்ம் வேற கேஸ். ஆம்ப்ல ஒண்ணும் சொருகாம வால்யூமை முழுசா ஏத்துங்க. அமைதியா இருந்தா ஆம்ப் மேல தப்பில்லை.

பல்லடத்துப் பையன், 9:58
கடை சாத்திட்டாங்க அண்ணா. வீட்டு மோடம் அடாப்டர்ல 9 வோல்ட்டுன்னு போட்டிருக்குது, பின்னும் சேருது. அதைச் சொருகட்டுங்களா?

காங்கேயம் சோல்டர், 9:59
சொருகாதீங்க! அடாப்டர் மேல சின்னதா ஒரு வட்டப் படம் இருக்கும், அதைப் பாருங்க. பெரும்பாலான பெடலுக்கு நடுவுல மைனஸ் வேணும். மோடம் அடாப்டர்ல பெரும்பாலும் நடுவுல பிளஸ்தான் வரும். மாத்திக் கொடுத்தா உள்ள இருக்கற காவல் டயோடு தன்னைச் சுட்டுக்கிட்டு போர்டைக் காப்பாத்தும், சிலதுல அதுவும் இருக்காது.

கோபி வயர்மேன், 10:06
எல்லாரும் சுத்தி வளைக்கறீங்க. ம்ம்ம் லூப்தான். ஆம்ப் பிளக்குல அந்தப் பெரிய பின்னை மட்டும் கழட்டிட்டுச் சொருகுங்க. அஞ்சு நிமிச வேலை. நோம்பி மேடைல நான் அப்படித்தான் ஓட்டறேன்.

ஈரோடு கீபோர்டு, 10:11
தம்பி, அதை மட்டும் செய்யாதே கண்ணு. கிதார் கம்பி ஜாக்கு வழியா ஷீல்டுக்குப் போகுது, ஷீல்டு ஆம்ப் உடம்புக்குப் போகுது. உள்ள லைன் வயர் எங்கியாச்சும் உடம்புல பட்டுச்சுன்னா, எர்த் இருந்தாத்தான் ஃபியூஸ் போகும். பின்னைக் கழட்டிட்டா உன் கையில இருக்கற ஆறு கம்பியும் கரண்டுக் கம்பி. மைக்கு வேற ஆம்ப்ல எர்த் ஆகியிருக்கும், உதடு அதுல பட்டா கரண்டு உன் வழியாத்தான் போகும். ஒரு கல்யாண மண்டபத்துல எனக்கு உதட்டுல அடிச்சுது. ரெண்டு நாள் சோறு திங்க முடியலை. அன்னிக்கு மிக்சர் பிளக்குல எர்த் பின்னே இல்லை.

கோபி வயர்மேன், 10:15
அக்கா, நான் இருபது வருசமா ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை.

ஈரோடு கீபோர்டு, 10:19
ஆகாத வரைக்கும்தான் அந்தப் பேச்சு. 1972ல ஸ்வான்சீ ஊர் மேடைல லெஸ் ஹார்வின்னு ஒரு கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கியே போயிட்டார். 1976ல யார்ட்பேர்ட்ஸ் குழுவுல பாடுன கீத் ரெல்ஃப், சொந்த வீட்டுல கிதார் வாசிக்கறப்ப. ரெண்டும் எர்த்துல வந்த வினை.

சோமனூர் தறிக்காரர், 10:22
நானும் அதைத்தான் மொதல்லயே சொன்னேன். எர்த்து.

ஊத்துக்குளி ஓம்ஸ், 10:30
இந்த விசயத்துல அந்தம்மா சொல்றது முழுக்கச் சரி. வயர்மேன் எழுதுனதை நீக்கணும், யாராவது படிச்சுட்டு அப்படியே செஞ்சுருவாங்க. லூப்னா எல்லாப் பிளக்கையும் ஒரே போர்டுல சொருகறதுதான் மொதல் வேலை. மிக்சருக்குப் போற லைன்ல டிஐ பாக்ஸ் (கிதார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி) வெச்சு, அதுல கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அது சிக்னலோட எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டு எர்த் அப்படியே இருக்கும். வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதான் கரண்டு கசிஞ்சா தானா அணையற சுவிட்ச், இருக்குதான்னும் பாருங்க.

கோபி வயர்மேன், 10:33
மேடைல ஜெனரேட்டர்ல ஓடறப்ப எர்த்தே கெடையாதுங்க, சும்மா புத்தகம் பேசாதீங்க.

ஊத்துக்குளி ஓம்ஸ், 10:37
அப்ப ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு கம்பியை அடிச்சு எர்த் கொடுங்க. அதுதான் வயர்மேன் வேலை.

காங்கேயம் சோல்டர், 10:44
பையனுக்கு நாளைக்குக் கச்சேரி. இதை அப்புறம் பேசிக்கலாம். தம்பி, கேபிள் மாத்துனேன்னீங்களே, எந்தக் கேபிள்?

பல்லடத்துப் பையன், 11:02
கிதார்ல இருந்து பெடலுக்கு வர்றது. பெடல்ல இருந்து ஆம்ப்புக்குப் போறது பழசுதாங்க, மாத்தலை. நேரா சொருகிப் பார்த்தப்ப புதுசைத்தான் போட்டேன். ஆம்ப்ல ஒண்ணும் சொருகாம ஏத்துனேன், சத்தமே இல்லை.

கோவை வால்வு, 11:05
அப்ப கெப்பாசிட்டர் இல்லை. சரி, ஒத்துக்கறேன்.

காங்கேயம் சோல்டர், 11:12
பழைய கேபிளைத்தான் தொறக்கணும். மீட்டரை பீப் சத்தத்துல வெச்சு, ஒரு முனை ஜாக்கோட உடம்புல, இன்னொண்ணு அந்தக் கோடி ஜாக்கோட உடம்புல. கேபிளை ஜாக்கோட கழுத்துக்கிட்ட ஆட்டுங்க. பீப் விட்டு விட்டு வந்தா ஷீல்டு அத்துருக்குது. மறுக்கா சோல்டர் பண்றப்ப ஒண்ணு கவனிங்க. ஷீல்டு வலைக்கு அடியில கறுப்பா ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கும். அதுவும் கரண்டு கடத்தும். அதை நல்லா பின்னாடி உரிச்சு விடணும். நடுக்கம்பில அது பட்டுச்சுன்னா சத்தம் மங்கிப் போகும். எனக்கு இது தெரிய ரெண்டு வருசம் ஆச்சு. 60/40 ஈயம், உள்ளயே ரோசின் இருக்கறது போதும். தகரம் ஒட்டற ஆசிட் வேண்டாம்.

ஈரோடு கீபோர்டு, 11:15
அப்படியே மேடைல சீரியல் செட் வயருக்குப் பக்கத்துல நிக்காதே. கிதார்ல கம்பிச் சத்தத்தை எடுக்கற பிக்கப் சிங்கிள் காயிலா இருந்தா உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார், எந்தப் பக்கம் இரைச்சல் அடங்குதோ அப்படி நின்னுக்கோ.

பல்லடத்துப் பையன், அடுத்த நாள் இரவு 11:48
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வெடியால பேட்டரி வாங்கி டிலேல போட்டேன், கொசு போயிருச்சு. பழைய கேபிளைத் தொறந்தா ஆம்ப் பக்க ஜாக்குல ஷீல்டு ஒத்த இழையில தொங்கிட்டு இருந்துச்சு. ஒட்டுன ஒடனே ம்ம்ம் நின்னுபோச்சு. கச்சேரி நல்லா நடந்துச்சு. ஒறம்பரை எல்லாம் வீட்டுல, அப்புறம் வர்றேன்.

ஈரோடு கீபோர்டு, 11:55
ரொம்ப சந்தோசம் கண்ணு. அந்த எர்த் பின்னை ராத்திரி கழட்டிட்டியா? கழட்டியிருந்தா மறுக்கா மாட்டிட்டியா?

தாராபுரம் பேஸ், மூணு நாள் கழிச்சு, மதியம் 2:16
எனக்கும் இதே மாதிரி ஒரு இரைச்சல், பெடல் இல்லாமயே வருதுங்க. என்ன பண்றது?

காங்கேயம் சோல்டர், 2:20
என்ன ஆம்ப்? கம்பியைத் தொட்டா இரைச்சல் கூடுதா, குறையுதா?

ஈரோடு கீபோர்டு, 6:40
பல்லடத்துத் தம்பி, பின்னை மாட்டிட்டியான்னு ஒரு வார்த்தை எழுதிரு கண்ணு.