எலிக்கு வைத்ததை நாய் தின்றால் யார் பிழை?

லயத்துப்பொடியன்:
பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருக்கிறோம். போன மாதம் பக்கத்துக் காம்பராக்காரர் கானோரமாக, தண்ணீர் ஓடும் வடிகால் பக்கம், எலி மருந்து வைத்தார். நீலக் கட்டி, கருவாட்டுத் துண்டோடு சேர்த்து. ஞாயிறு காலை எங்கள் கறுப்பன் அதைத் தின்றதை நானே பார்த்தேன். அன்றும் மறுநாளும் வழக்கம்போல பிரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு திரிந்தது. சரி, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டோம். புதன் இரவு இருமல், ஈறெல்லாம் வெள்ளை. வியாழன் காலை மூக்கில் ரத்தம். ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஒன்பது வருடம் வளர்த்த நாய். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்திருக்கலாமே என்று கேட்டால், நாயைக் கட்டிப்போடத் தெரியாதா என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

கரட்பாத்தி:
தம்பி, மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்டதில் என்ன பிழை? நான் நுவரெலியாவில் மரக்கறி செய்கிறவன். விதைக்கிழங்கை எலி கொறித்தால் அந்தப் போகமே போச்சு. நட்டத்தை விடு, எலிக்காய்ச்சல் இருக்கிறதே! எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பது யார்? நாமும் நம் பிள்ளைகளும்தான். முதலில் மனிதர், அப்புறம்தான் நாய்.

பதுளைக்காரி:
எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும் அண்ணே, அதை விடுங்கள். மருந்தே வைக்காதே என்று இங்கே யாரும் சொல்லவில்லை. திறந்த இடத்தில், கருவாட்டோடு வைத்ததுதான் கேள்வி. கருவாட்டு வாசத்துக்கு எலி மட்டுமா வரும்? அதே கானோரத்தில்தானே பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

கரட்பாத்தி:
மூடி வைத்தால் மட்டும்? செத்த எலியை நாய் கவ்விக்கொண்டு போனால் அதுக்கும் வைத்தவன்தான் பொறுப்பா?

பதுளைக்காரி:
ஆமாம். தினம் காலையில் தேடிப் பார்த்துப் புதைப்பதும் வைத்தவர் வேலைதான். ஒரு எலியைத் தின்று பெரிய நாய் சாவது அபூர்வம் என்பது உண்மை. ஆனால் ராத்திரி ராத்திரி எலியையே தின்கிற ஆந்தைக்கு அப்படி இல்லை. ஆந்தை போனால் உங்கள் கிழங்குக்குக் காவல் யார்?

சும்மா_வந்தவன்:
இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? உப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைத்து, பாலும் முட்டையும் கொடுத்தால் எழும்பிவிடும். எங்கள் தாத்தா எத்தனை நாயைப் பிழைக்க வைத்திருக்கிறார்.

மாத்திரைப்பெட்டி:
அண்ணே, கோபிக்க வேண்டாம், உப்பு மட்டும் வேண்டாம். அளவு கூடினால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்தே நாய் செத்துப்போகும்.

என் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது நான்தான். அந்த மாத்திரையே 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதருக்குக் கொடுக்கத் தொடங்கியது 1954இல். இப்போது விற்கும் கட்டிகளில் பலவற்றில் இருப்பது புரோடிஃபாகம் மாதிரி அதன் வாரிசுகள். வேலை ஒன்றுதான், ஆனால் பலம் பல மடங்கு, உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும்.

ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை ஈரல்தான் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட கே-யை உடம்பு புதுப்பித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். மருந்து அந்தப் புதுப்பிக்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் ஏற்கனவே இருப்பது தீர இரண்டு மூன்று நாள் ஆகும். கடைக்குச் சாமான் வருவது நின்றாலும் ராக்கையில் உள்ளது தீரும்வரை வியாபாரம் நடக்கும் இல்லையா, கறுப்பன் திங்கட்கிழமை குரைத்ததும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்திருந்தால், நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்திருக்கும். அப்போதே வைட்டமின் கே1 தொடங்கி மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும், நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். கே3 என்று இன்னொரு வகை இருக்கிறது, அது உதவாது. ரத்தம் கசியத் தொடங்கிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, வேறு நாயின் ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டிவரும்.

சும்மா_வந்தவன்:
அப்போ பாலும் முட்டையும்?

மாத்திரைப்பெட்டி:
எந்த மருந்து என்று தெரியாமல் எதையும் ஊட்டாதீர்கள். கே1 மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாகச் சேரும். ஆனால் தின்றது சிங்க் பாஸ்பைடு என்கிற கறுப்புப் பொடியாக இருந்தால் அதே சாப்பாடுதான் எமன். இரைப்பை அமிலம் பட்டதும் அது விஷ வாயுவாகிறது, சோறு உள்ளே போனால் அமிலம் கூடச் சுரக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வாந்தி எடுத்தால்கூடக் காற்றோட்டமான இடத்தில் எடுக்கட்டும், அந்த வாயு பக்கத்தில் நிற்கிறவரையும் தாக்கும். அதனால் முதல் வேலை பெட்டியைக் கையில் எடுப்பது, அடுத்தது மிருக வைத்தியருக்கு போன். வாந்தி எடுக்க வைப்பதானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், அதுவும் அவர் சொன்னால்தான்.

சும்மா_வந்தவன்:
நல்லா எழுதிவிட்டீர்கள். கொந்தரப்புக் கூலிக் காசில் வாழ்கிறவன் நாய்க்கு ரத்தம் ஏற்றப் போவானா? பேராதனை கம்பஸில் மிருகங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, தெரியும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் தாண்டி யார் போவது?

மாத்திரைப்பெட்டி:
அது நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு போனுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?

லயத்துப்பொடியன்:
அண்ணே, அந்தப் பெட்டி எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு எதிரே குப்பையில்தான் கிடந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எடுத்து வாசிக்கத் தோன்றவில்லை. அவரைத் திட்டினதில் பாதி என்னைத் திட்டினதுதான் போல.

இன்னொன்று. கானோரத்தில் இன்னும் இரண்டு கட்டி கிடக்கிறது. லயத்துக் கடைசியில் ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கிறது. அவரோடு இப்போது பேச்சு இல்லை. என்ன செய்வது?

பதுளைக்காரி:
உன் அம்மாவை அனுப்பிப் பேசச் சொல், பொம்பளைகள் பேசினால் முடியும். கையில் பை மாட்டிக்கொண்டு எடுக்கச் சொல். பழைய குழாய்த் துண்டு கிடைத்தால் நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, எலி ஓடும் சுவரோரமாக வைக்கலாம்.

கரட்பாத்தி:
சுவரோரம் வேண்டாம், குட்டிகள் நுழையும். கூரைக்கு அடியில் மேல் கட்டையில் கட்டு, எலி அந்த வழியாகத்தான் வரும். மூன்று அங்குலக் குழாய், ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். என் கொட்டிலில் அப்படித்தான் இருக்கிறது. கம்பியை இறுக்கிக் கட்டு தம்பி, இல்லாவிட்டால் எலியே இழுத்துக் கீழே போட்டுவிடும்.