லாண்ட்மாஸ்டர் பெட்டியில் மோதி ஒருவருக்குக் கால் முறிவு; காப்புறுதியோ விற்றவரின் பெயரில் இருக்கிறது – உதவி தேவை

வயற்காரன், ஒட்டுசுட்டான்:
வணக்கம். மூன்று கிழமைக்கு முன், பொழுதுபடும் நேரத்தில், நெல்மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டரை (பின்னால் பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரம்) மாங்குளம் – முல்லைத்தீவு வீதியோரமாக நிறுத்தி, தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த வயதான ஐயா ஒருவர் பெட்டியின் பின்மூலையில் மோதி விழுந்துவிட்டார். பெட்டியின் பின்னால் ஒளிதெறிக்கும் சிவப்பு வில்லை ஒன்றுகூட இருக்கவில்லை. அது என்னுடைய பிழை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைத்துச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு பதிவாகியுள்ளது.

சிக்கல் என்னவென்றால், வண்டியை நான் போன வருடம் ஓபன் பேப்பரில், அதாவது பதிவில் பெயரை மாற்றாமல், வாங்கினேன். காப்புறுதிக் காலம் இன்னும் முடியவில்லை, ஆனால் அது விற்றவரின் பெயரில் உள்ளது. இதற்கிடையில் ஐயாவின் உறவினர்கள், ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒன்றரை இலட்சம் ரூபாவுடன் விடயத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கொடுத்து முடிப்பதா? வருடாவருடம் வரிப்பத்திரம் எடுப்பதற்கும் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கும் உரிய கடதாசி என்றுதான் இந்தக் காப்புறுதியை இதுவரை நினைத்திருந்தேன்.

காப்புறுதி முகவர், கிளிநொச்சி:
தம்பி, விபத்தைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கு நீங்கள் இன்னும் அறிவிக்கவில்லை என்றே உங்கள் எழுத்திலிருந்து விளங்குகிறது. நாளைக் காலையே முறைப்பாட்டின் பிரதியுடன் சென்று எழுத்தில் அறிவியுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். விற்றவரின் காப்புறுதி வாங்கியவருக்குத் தானாக மாறுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் அதை வைத்து ஒன்றும் கிடைக்காது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மறுப்பதானால் அவர்கள் காரணத்துடன் எழுத்தில் மறுக்கட்டும்.

நிறுவனத்தின் சம்மதமில்லாமல் குற்றத்தை ஏற்று எழுதிக் கொடுப்பதும், ஒரு தொகை பேசி முடிப்பதும் பொதுவாகக் காப்புறுதி நிபந்தனைகளுக்கு மாறானவை. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் உதவுவதை யாரும் பிழை சொல்லமாட்டார்கள். இணக்கப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

வயலுக்கும் ஆலைக்கும் இடையே ஒன்றரை மைல் மட்டும் ஓடும் வண்டிக்கு எதற்குக் காப்புறுதி என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அந்த ஒன்றரை மைலும் பொதுவீதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டியின் சேதத்துக்கோ உங்கள் காயத்துக்கோ பணம் தராது. வண்டியால் காயப்பட்ட மற்றவருக்காகவே அது இருக்கிறது. பெட்டியில் ஏறிவரும் கூலியாட்களையும் அது தானாக உள்ளடக்கும் என்று நம்பியிருக்காமல், பத்திரத்தை வாசித்துக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

விசுவமட்டிலிருந்து ஒரு குடும்பத்தலைவி:
உங்கள் ஐயாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மேசன் வேலை செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் காப்புறுதி முடிந்திருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை அடித்தது. ஓட்டிய பிள்ளையின் தகப்பன் இரண்டு பசுக்களை விற்று, காசைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து என் கையில் தந்தார். அவரும் எங்களைப் போன்ற ஏழைதான். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் கிளினிக்குக்குப் பிடித்த ஓட்டோவுக்கும், அவரைப் பார்ப்பதற்காக நான் இழந்த கூலிக்கும், தகட்டைக் கழற்ற ஒரு வருடத்தின் பின் செய்த இரண்டாவது சத்திரசிகிச்சையின்போது படுக்கையில் கிடந்த மாதங்களுக்கும் அந்தக் காசு எந்த மூலைக்குக் காணும்? இன்றும் அவரால் சாரத்தில் ஏற முடியாது. கால் எந்த அளவுக்குத் தேறும் என்று வைத்தியர் சொல்லும்வரை அந்தக் குடும்பத்துடன் தொகை பேசாதீர்கள், தம்பி. இன்று ஒன்றரை இலட்சம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியலாம்.

சட்டத்தரணி ஒருவரின் எழுதுவினைஞர், வவுனியா:
1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் செலுத்துவதைத் தடைசெய்கிறது. காப்புறுதி செய்தவருக்கு எதிராக நீதிமன்றம் காயத்துக்கு நட்டஈட்டுத் தீர்ப்பு வழங்கினால், அந்தத் தொகையைச் செலுத்தும் கடமையை அதே சட்டம் காப்புறுதி நிறுவனத்தின் மீது வைக்கிறது. நிறுவனத்துக்கு உரிய காலத்தில் வழக்கைப் பற்றிய அறிவித்தல் கிடைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஏழையான உரிமையாளரின் பசுவையோ வயலையோ பார்த்து நிற்க வேண்டிய நிலை காயப்பட்டவருக்கு வராமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் தொடரும் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. பின்னையதை மாவட்ட நீதிமன்றத்தில், விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஐயாவின் குடும்பத்துக்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவை நாடும்படி நீங்களே சொல்லுங்கள்; அது உங்களுக்கு எதிரான காரியம் அல்ல.

வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் விற்றவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பதிவில் இன்னும் அவருடைய பெயர் இருப்பதால், வழக்கில் அவரும் இழுபடக்கூடும்.

வயற்காரன், ஒட்டுசுட்டான்:
எல்லோருக்கும் நன்றி. எழுத்தில் அறிவித்து, முத்திரை குத்திய பிரதியைப் பெற்றுவிட்டேன். இழுபடக்கூடும் என்று கேட்டதும் விற்ற அண்ணரே பெயர் மாற்றத்துக்கு வர உடன்பட்டார். அந்த வேலை முடிந்து என் பெயரில் காப்புறுதி எடுக்கும்வரை வண்டி வளவைவிட்டு இறங்காது. பெட்டியின் பின்னால் வில்லைகளைப் பூட்டியாயிற்று. அக்கா எழுதியதை ஐயாவின் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியவர்களைக் கூட்டும் பேச்சை அவர் நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை ஐயாவுக்குக் கிளினிக், ஓட்டோவில் நானும் கூடப் போகிறேன். நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.