காவிரி டெல்டாவில் வயல்வேலைக்கு ஆள் இல்லாமல் போனது நூறு நாள் வேலையாலா?

கேள்வி (மன்னார்குடிக்காரன்):

வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு நான்கரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பாதான் சாகுபடியைப் பார்த்துக்கொள்கிறார். நான் சென்னையில் கணக்கு வேலையில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: நூறு நாள் வேலை ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, மிச்சத்தை இலவச அரிசி கெடுத்துவிட்டது. போன தாளடி (இரண்டாம் போக நெல்) நடவுக்கு எட்டு நாள் ஆள் தேடி, நாற்று முற்றிப்போன பிறகு, மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு குழுவை வைத்து நட்டு முடித்ததால் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ஒரே ஒரு திட்டம் ஒரு வட்டாரத்தின் உழைப்பு முறையையே மாற்றிவிடுமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (நீடாமங்கலம் சம்சாரி):

நானும் டீக்கடையில் அப்படிப் பேசியவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன். நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது, 2008 ஏப்ரலில் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. அந்தச் சட்டம் சொன்னது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு நாள். அதை முழுதாகப் பெற்ற வீட்டை எங்கள் ஊராட்சியில் நான் பார்த்ததில்லை. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அதில் நூறு நாள் வேலை கிடைத்தாலும் ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

உண்மையில் முதலில் போனது வேலை, அதன் பின்னால்தான் ஆள் போனார்கள். கையறுப்புக் காலத்தில் கதிர் அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றிக் கொடுத்தால் கூலி நெல்லாகவே கிடைக்கும். அந்த நெல்தான் கூலிக் குடும்பத்துக்குப் பல மாதச் சோறு. நடவுக்கும் களைக்கும் கூப்பிட்ட நேரத்தில் அவர்கள் வந்தார்கள் என்றால், அறுப்பில் தங்களை விட்டுவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அறுவடை இயந்திரம் வந்ததும், ஈர வயலுக்குச் செயின் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று நாமே வரிசையில் நின்று வாடகைக்கு அமர்த்தினோம். பதினைந்து இருபது பேர் நாள் முழுவதும் அறுத்த வேலையை அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போய்விடுகிறது. வருஷத்தின் பெரிய கூலியைப் பறித்துவிட்டு, முதுகொடியும் நடவுக்கு மட்டும் வா என்று கூப்பிட்டால் யார் ஊரில் காத்துக்கொண்டிருப்பார்கள்? (எந்திரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவனுக்கு ஒரு நாள் தாமதம் என்றால் என்னவென்று தெரியும்.)

பதில் 2 (கீழ்வேளூர் ஆசிரியை):

என் பாட்டியும் அம்மாவும் நாகப்பட்டினம் பக்கத்தில் கூலிக்கு நட்டவர்கள். இந்த விவாதத்தில் எப்போதும் விடுபட்டுப்போகும் பகுதியைச் சொல்ல விரும்புகிறேன். "ஆள் கிடைக்கவில்லை" என்பது ஆளைக் கூப்பிட்டுப் பழகியவர்களின் சொல். பாட்டி காலத்தில் பண்ணையாரின் வேலைகளைப் பார்க்கும் காரியக்காரர் விடியுமுன் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார். உள்ளே வர மாட்டார், ஆனால் வர முடியாது என்று எந்த வீட்டிலிருந்தும் பதிலும் வராது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இலேயே வந்துவிட்டது என்றாலும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதற்குப் பின்னால், கூலி உயர்வு கேட்ட பூசலும் கம்யூனிஸ்டுகளின் செங்கொடி விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் மீதிருந்த வெறுப்பும்தான் இருந்தன. அதற்குப் பிறகுதான் கீழத்தஞ்சைக்கு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நூறு நாள் வேலை எங்கள் தெருவில் எதை மாற்றியது என்பதை அம்மாவிடம் கேட்டால் தெரியும். வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி என்றுதான் அவர் அறிந்திருந்தார். ஏரி வேலைக்குப் போன முதல் வாரத்தில்தான் அப்பாவுக்கும் தனக்கும் ஒரே தொகை என்று கண்டார். தமிழகத்தில் இந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள் என்பது தற்செயல் இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் இருபது கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அடுத்த வேளை உலைக்காக யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டியிருக்கவில்லை. கூலி கட்டாது என்று சொல்லும் தைரியம் அங்கிருந்து வந்தது. என் தம்பிகள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். வேலை அங்கும் கடினம்தான், ஆனால் அங்கே அவர்கள் இன்ன தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவின் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தச் சேற்றுக்குத் திரும்ப மாட்டார்கள்.

பதில் 3 (ஊர் ஆய்வு):

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் இதை டெல்டாவின் தனிக்கதையாகப் பார்க்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் விழுப்புரம் வட்டாரத்து இருவேல்பட்டும் ஒன்று. அன்று அங்கே கடனால் கட்டுண்ட படியாட்கள் இருந்தார்கள். பின்னாளில் அதே ஊருக்கு மீண்டும் மீண்டும் சென்றவர்கள், அந்த முறை மறைந்து, வெளிவேலை பெருகியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. கேள்வி கேட்டவரின் வயலில் நட்ட வங்காளிக் குழு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வந்திருக்கும், மோட்டார் கொட்டகையில் படுத்திருக்கும். காரியக்காரர் நின்ற இடத்தில் இப்போது மேஸ்திரி நிற்கிறார் என்றால், நம் ஊர்க்காரர்கள் கழற்றி வைத்த நுகத்தடியில் பாதியை வேறு ஊர்க்காரர் கழுத்தில் ஏற்றியிருக்கிறோம்.

கேள்வி கேட்டவர் (மன்னார்குடிக்காரன்):

எல்லோருக்கும் நன்றி. இவற்றைப் படித்த பிறகு அப்பாவின் பழைய கூலி நோட்டை எடுத்துப் பார்த்தேன். அறுப்புக்கு வந்தவர்களின் பெயரும் அளந்த மரக்காலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 2009க்குப் பிறகு அந்த இடத்தில் "வண்டி, மூன்றரை மணி" என்று ஒரே வரி. அந்தப் பெயர்களில் ஒருவரின் மகன் இப்போது நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிந்து கொடுத்தால் அவர் பயிர்க்கடனும் நிவாரணமும் பெறுவது எளிதாகும். பதிந்தால் நிலம் திரும்ப வராது என்று அப்பா அஞ்சுகிறார், வாய்ப்பேச்சாகவே கொடுக்கலாம் என்கிறார். இங்கே பதிந்து கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.