கலவைக் கணக்கில் ஒய் = -19 வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி: 20% அமிலக் கரைசலையும் 50% கரைசலையும் கலந்து 30% கரைசல் 30 லிட்டர் வேண்டும். 20% கரைசல் எக்ஸ் லிட்டர், 50% கரைசல் ஒய் லிட்டர் என்று வைத்தேன். எக்ஸ் + ஒய் = 30. அப்புறம் 0.2 எக்ஸ் + 0.5 ஒய் = 0.3. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒய் = -19தான் வருகிறது.

பதில்: இடப்பக்கம் லிட்டர், வலப்பக்கம் வெறும் விகிதம். அதுதான் சிக்கல். இரண்டு பக்கமும் தூய அமிலத்தின் அளவாக இருக்க வேண்டும். 30 லிட்டரில் 30% என்றால் 9 லிட்டர். 0.3 இருக்கும் இடத்தில் 9 போடுங்கள். நான் பாடம் நடத்தும்போது, சமன்பாட்டுக்கு முன்னால் "எதை அளக்கிறோம்?" என்று ஒரு வரி எழுத வைப்பேன். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு பதில்: 30 என்பது 20க்கு 10 தள்ளி, 50க்கு 20 தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இருப்பதுதான் அதிகம் வேண்டும், ஆகவே 20% கரைசல் 50% கரைசலைப் போல் இரு மடங்கு வேண்டும்.

கேட்டவர்: சரி, 20 லிட்டரும் 10 லிட்டரும் வந்துவிட்டது! அமிலம் 4 + 5 = 9, பொருந்துகிறது. மிக்க நன்றி.