நீரு பேக்கு

எங்கள் வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில். வீட்டில் பேசுவது தேவாங்கர் கன்னடம், நெசவு செய்யும் எங்கள் சமூகத்தின் பேச்சு. பெங்களூர்க்காரர்கள் கேட்டால் பாதி புரியும், பாதி புரியாது. கன்னட எழுத்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எழுதுவது, கணக்குப் போடுவது எல்லாம் தமிழில்தான்.

மகளை 2022 ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். அதற்கு முன் இரண்டு வருடம் கொரோனா பயத்தில் தெருவில் விளையாட விடவில்லை. முழு நாளும் அவ்வாவோடுதான், அதாவது பாட்டியோடுதான் இருப்பாள். என் மாமியார் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே கதை சொல்வார், இவள் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அதனால் தெருப் பிள்ளைகளிடமிருந்து தானாக வந்திருக்க வேண்டிய தமிழ்கூட அவளுக்கு வரவில்லை.

பள்ளியில் தாகம் எடுத்தால் "நீரு பேக்கு" என்பாள். தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். மிஸ் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். பையைக் கேட்கிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுப்பார். பாட்டில் பைக்குள்ளேயே இருந்ததால் அவளும் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். இப்படியே பல நாள் ஓடியிருக்கிறது.

ஒரு நாள் மதியம் கூப்பிடப் போனபோது வேறு பாவாடையில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "பேக்கு பேக்குன்னு அழுதா, எடுத்துக் கொடுத்தேன். தூக்கிப் போட்டுட்டா. அப்புறம் அங்கேயே ஈரம் பண்ணிட்டா" என்றார் மிஸ். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அவள் சொன்னது "ஓகபேக்கு", போக வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். எத்தனை தடவை கேட்டாளோ!

இனி வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள், முடியாவிட்டால் தமிழிலாவது பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். பயத்தில் நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். மூன்று வாரம் வீடே தமிழுக்கு மாறியது. மாமியாருக்குத் தமிழ் நன்றாகவே வரும், ஆனால் கதை மட்டும் வரவில்லை. நாலு வரி சொல்வார், நிறுத்திவிடுவார். சத்தம் போட்டு விளையாடும் பிள்ளை ராட்டைப் பக்கமே போகாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு தாளில் பதினைந்து சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். ஓகபேக்கு, நீரு, ஊட்டா, நோவு... எதிரே தமிழ் அர்த்தம். கொண்டுபோய்க் கொடுத்தபோது மிஸ் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். அந்த மிஸ்ஸை நான் மறக்க மாட்டேன். இவளுக்குத் தன் பேச்சு எடுபடுகிறது என்ற தைரியம் வந்தது. தீபாவளிக்குள் "மிஸ், தண்ணி வேணும்" என்று தானே கேட்டாள். யு.கே.ஜி.யில் இங்கிலீஷ் வாக்கியங்களும் வந்துவிட்டன. வீட்டில் மறுபடி கன்னடமும் கதையும்தான்.

ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியும் கலந்து பேசுவாள். குழம்பிவிட்டாளோ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு மூன்று மொழியோடு வளரும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் பேசும். அவ்வாவிடம் ஒன்று, மிஸ்ஸிடம் ஒன்று என்று ஆளைப் பார்த்து அவளே பிரித்துக்கொள்கிறாள்.

போன மாதம் திடீரென்று கேட்டாள்: "பால் நமக்கு ஆலு, பல் அல்லு, புலி உலி. நம்ம ப எங்கம்மா போச்சு?" கர்நாடகத்தில் அதை ஹாலு, ஹல்லு, ஹுலி என்பார்கள், பழைய ப அங்கே ஹ ஆனது, நம் வாயில் அதுவும் உதிர்ந்துவிட்டது என்று சொன்னேன். அன்று முழுக்க வீட்டில் ப தேடும் வேலைதான்.

தமிழ் கற்றல் சட்டம் 2006-லேயே வந்துவிட்டதால் பெரும்பாலான பள்ளிகளில் தமிழ்ப் பாடம் உண்டு. இங்கிலீஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஓசூர், தாளவாடிப் பக்கம் கன்னட வழி அரசுப் பள்ளிகள்கூட இருக்கின்றன. குகையில் எங்கள் பேச்சுக்கு அந்த ராட்டைப் பக்கம்தான் வகுப்பறை.

வருகிற ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ எதுவானாலும், முதல் நாளே சொற்களை எழுதி மிஸ்ஸிடம் கொடுத்துவிடுங்கள். பாத்ரூம் போகக் கேட்கும் சொல் முதல் வரியில் இருக்கட்டும்.