14 விநாடிப் பாட்டுக்கு முழு வீடியோவும் ஊமை, இது என்ன நியாயம்?

வாடைக்காத்து (பாம்பன்): போன மாசம் எங்கள் புது வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். அதை வீடியோ எடுத்து ஒரு தளத்தில் போட்டேன். கரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு 14 விநாடி கேட்டது. அவ்வளவுதான், காப்பிரைட் என்று சொல்லி மொத்தச் சத்தத்தையும் அணைத்துவிட்டார்கள். அப்பா 'ஏலேலோ' கொடுக்க, இருபது பேர் 'ஐலசா' போட்டுத் தள்ளுகிறார்கள். வாய் மட்டும் அசைகிறது. சினிமாக்காரன் சொல்லி எழுத வைத்த சட்டம், வேறென்ன?

கச்சான் (மண்டபம்): தம்பி, கோபம் சரி, ஆள்தான் தப்பு. அணைத்தது சட்டம் இல்லை, அந்தத் தளத்தின் மெஷின். நம் சட்டப்படி புகார் வந்தால் 21 நாள் நிறுத்தி வைப்பார்கள்; கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பாம்பன் தூக்குப்பாலம் கப்பலுக்குத் திறப்பதை வெயிலில் ரெண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். ஒரு சேனல் என் பெயர் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டது. இதே காப்பிரைட்டில் புகார் கொடுத்துத்தான் தூக்க வைத்தேன்.

வாடைக்காத்து: 'திறக்கலாம்' என்றுதானே அண்ணே இருக்கிறது? 'திறக்கணும்' என்று இல்லையே!

கொண்டல் (தொண்டி): ரெண்டு பேரும் அரசியலை விட்டுட்டீங்க. திருட்டு விசிடி விற்றவனைக் குண்டர் சட்டத்தில் போட 2004-ல் திருத்தம் வந்தது. ஜாமீன் இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அப்போது முதல்வர் ஜெயலலிதா, கோடம்பாக்கத்திலிருந்து கோட்டைக்குப் போனவர். 2012-ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி விமியோ போன்ற வீடியோத் தளங்களையே முழுசாக முடக்கினார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்கணும் என்று கோர்ட்டே பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஜனவரி 18-ல் அமெரிக்காவில் ஹாலிவுட் கேட்ட சோபா (SOPA) என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் கடையைச் சாத்தியது. மசோதா கிடப்பில் போனது. இங்கே 2023-ல் படத் திருட்டுக்கு 3 வருஷம் வரை ஜெயில், படச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. யார் கடையைச் சாத்தினோம்?

கச்சான்: தியேட்டரில் செல்போனில் படம் எடுக்கிறவனுக்கு நான் எதுக்குக் கடையைச் சாத்தணும்? அப்புறம், சினிமாக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்லை. பாட்டு எழுதினவர், இசையமைத்தவர் ராயல்டியை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று 2012-ல் வந்த திருத்தத்தைத் தயாரிப்பாளர்கள்தான் எதிர்த்தார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக வாதாடினார். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போட்டால் காப்பிரைட் மீறல் ஆகாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

வாடைக்காத்து: ஊர்வலத்தில் போடலாம், அதை எடுத்த வீடியோவை ஏற்றினால் ஊமையா? சரி, என் 14 விநாடிக்கு அந்தப் பாட்டு எழுதினவருக்கு எத்தனை பைசா போச்சு, அதையாவது சொல்லுங்க.

கொண்டல்: ஆட்சேபணை போட்டியா இல்லையா?

வாடைக்காத்து: போட்டு எட்டு நாளாச்சு. அதையும் மெஷின்தான் பார்க்குதோ என்னமோ. அப்பா தினமும் கேட்கிறார், 'என் சத்தம் வந்துருச்சா?'